அனுப்பிவிட்டுக் கூடவே போகாதீர்கள்

தாடிக்கொம்பு சபைப் பெற்றோரே, இன்றைக்கு உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். நானும் பிள்ளை பெற்றவள் என்கிற உரிமையில்தான்.

வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளை ஒரு வாரம் யாழ்ப்பாணத்துக்கு ஊழியப் பயணம் அனுப்பலாமா என்று பேச்சு எழுந்தால் போதும், நம்மில் பாதிப்பேர் காலண்டரைப் புரட்டுகிறோம். மீதிப்பேர் சூட்கேஸ் விலை விசாரிக்கிறோம். காலண்டர்க்காரர்களுக்கு டியூஷன் கவலை, அதையாவது மன்னிக்கலாம். பிள்ளை பிளேன் ஏறுகிறான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்புகிற சூட்கேஸ்க்காரர்களைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பையில் பாதி முறுக்கும் பருப்புப்பொடியும். போனில் ரோமிங் ரீசார்ஜ். ராத்திரியானால் வீடியோ கால்: "சாப்பிட்டியா? ஃபேன் ஓடுதா? என்னது, நீயா தட்டு கழுவுற?" பதினாறு வயதுப் பையன் முன்பின் தெரியாத வீட்டில் பாயில் படுத்து, காலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கக் கற்றுக்கொண்டிருப்பான். போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்து பேசும்போது, பதில் சொல்லத் தெரியாமல், எழுந்து போகவும் மனம் வராமல் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் வளருகிற நேரமே அதுதான். அப்போது பார்த்து நம்முடைய போன் அடிக்கும்.

இன்னொன்று. அங்கே போய் நம் பிள்ளைகள் என்னவோ வாரிக் கொடுத்துவிட்டு வருவதாக ஒரு நினைப்பு நமக்கு. நம் பக்கத்துச் சபைகளின் கதை தெரிந்தால் அப்படிப் பேசமாட்டோம். அமெரிக்கன் மிஷன் நேரே அமெரிக்காவிலிருந்து திண்டுக்கல்லில் வந்து இறங்கவில்லை. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர்கள்தான் 1834-இல் கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள், மறுவருஷம் திண்டுக்கல்லுக்கு. அவர்களுக்கு உதவியாக வந்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். நம் பிள்ளை போவது நமக்குக் கொடுத்தவர்களின் வீட்டுக்கு.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது வயது முப்பதைத் தொடவில்லை. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில், கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். அத்தனை சபைகள் இருந்தும் திருநெல்வேலி அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்பது அவரைச் சுட்டது. 1903 பிப்ரவரியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகிவிட்டது. 1909-இல் அவரே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். போன இடத்தில் பார்த்ததை ஊருக்குத் திரும்பிய பிறகு செய்து காட்டினார்.

நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை திரும்பிய ஞாயிற்றுக்கிழமையே கையில் மைக்கைக் கொடுத்து சாட்சி சொல்லச் சொல்கிறோம். அதுவும் "அவங்க பாவம், ஒண்ணுமே இல்ல, ஆனாலும் சிரிச்சிக்கிட்டே இருக்காங்க" என்று சொன்னால் நமக்குக் கண் கலங்குகிறது. யாரைப் பார்த்து பாவம் என்கிறோம்? படிப்பிலும் பள்ளிக்கூடத்திலும் நமக்கு முந்திய ஊரையா? வீட்டுக்கு வந்து பையன் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனால், "நீ போய்ப் படி" என்று அம்மா பிடுங்கிவிடுகிறாள். ஒரு வாரம் அந்த ஊர் கற்றுக்கொடுத்ததை ஒரே நிமிஷத்தில் அழித்துவிடுகிறோம். அப்புறம் நாமே, "போயிட்டு வந்தும் பையன் மாறலையே ஐயா" என்று போதகரிடம் போய் நிற்கிறோம்.

போகும் முன்னாலும் கொஞ்சம் பாருங்கள். தேய்பிறை அஷ்டமி அன்று நம்மூர்ப் பெருமாள் கோயிலுக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். வழி கேட்கிற வெளியூர்ப் பாட்டிக்கு நின்று பதில் சொல்லாமல் காதில் இயர்போனோடு போகிற பிள்ளை, கடல் கடந்து யாருக்கு ஆறுதல் சொல்லப் போகிறது?

கூட்டிப் போகிறவர்களையும் கேள்வி கேளுங்கள். சபையார் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். எந்த விசா? சுற்றிப் பார்க்கிற விசாவில் போய்க் கூட்டம் போட்டுப் பிரசங்கித்தால் அங்கே சட்டச் சிக்கல் வரும். பெண்பிள்ளைகளோடு பெரியவர்கள் யார்? ராத்திரி தங்கல் எங்கே? வேலை என்ன, அந்த ஊர் சபை கேட்ட வேலையா, நாமே இங்கே உட்கார்ந்து யோசித்ததா? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த வருஷம் அனுப்பாதீர்கள்.

டியூஷன் போய்விடும் என்கிறவர்களுக்கு: பிளஸ் டூ வருஷம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து வருகிற லீவு இருக்கிறதே, அதில் என்ன குறை? பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இருவரின் சம்மதமும் வேண்டும். கையெழுத்தை இப்போதே போட்டு வையுங்கள். கூடப் போகிற பெரியவர் ஒருவருடைய நம்பரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் அவரே கூப்பிடுவார்.