தாடை வீக்கம்: "புற்று இல்லை" என்றதும் விட்டுவிடலாமா?

பிள்ளைக்குத் தாடை வீங்கினால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, பற்றும் போடுகிறோம். பொன்னுக்கு வீங்கி என்றால் பத்து நாளில் வற்றிவிடும். வலியே இல்லாமல், மாதக் கணக்கில் ஒரு பக்கத் தாடை எலும்பு பருத்துக்கொண்டே போனால், பல் ஆடினால், அது வேறு சமாச்சாரம். முன்பு தோட்டத்து டிரஸ்ஸர் பார்த்துச் சொல்வார். இப்போது நாமேதான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. டாக்டர் அப்படிச் சொன்னதும் "அப்பாடா" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோமே, அங்கேதான் எனக்குச் சண்டை! அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி, பல்லின் எனாமலை உண்டாக்கும் திசுவிலிருந்து வருவது. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கும் இடத்தில் கரையான் மாதிரி எலும்பை அரிக்கும். வெறுமனே சுரண்டி எடுத்தால் பலருக்குத் திரும்ப வரும். பத்து வருஷம் கழித்துக்கூட வரும். அதனால் பெரியவர்களுக்குச் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் 1 அல்லது 2 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி, கால் எலும்பை எடுத்து ஒட்டுவார்கள். வளருகிற பிள்ளைக்கு அப்படி வெட்டினால் முகம் கோணலாம். பிள்ளைகளுக்கு ஒற்றைப் பை போன்ற வகையே அதிகம் என்பதால், பையைத் திறந்து சுருங்கவிட்டு, பிறகு எடுப்பதும் உண்டு. என் கட்சி, முடிந்தவரை தாடையைக் காப்பாற்றும் கட்சிதான்.

ராட்சத செல் கட்டி என்று இன்னொன்று இருக்கிறது. 1999-இல் போஸ்டன் டாக்டர்கள் கேபனும் ஃபோக்மனும் மற்றவர்களும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். இரண்டு முறை அறுவை செய்தும் கட்டி திரும்பியது. ஒரு வருஷம் இண்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். கட்டி மறைந்தது, தாடை எலும்பும் மறுபடி வளர்ந்தது! இந்த ஊசி அமெலோபிளாஸ்டோமாவுக்கான மருந்தல்ல. ஆகவே சிறு துண்டு எடுத்து எந்தக் கட்டி என்று சோதிக்காமல் வைத்தியமே இல்லை. "கத்தி வைத்தால் பரவிடும்" என்ற லயத்துப் பேச்சைக் கேட்காதீர்கள்.

சின்ன அறுவையோடு தாடை தப்பியது என்றால், வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் வைத்தியத்தில் பாதி. கோலா கெத்திலிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, உண்மைதான். அந்த நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது நம் வேலை. கூலிக்குப் பயந்து தவணையைத் தவறவிடாதீங்க.

முதலில் பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள், தாடைக்கு எக்ஸ்ரே கேளுங்கள். அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையில் வாய், முக அறுவைப் பிரிவு இருக்கிறது. கடிதம் அங்கேயே எழுதித் தருவார்கள்.