கை சொல்லும் எடை

பண்டிகைக் கால விளம்பரங்களில் வாக்குவம் கிளீனரைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் இளம்பெண். ஒரு கையில் இயந்திரம், முகத்தில் சிரிப்பு. ஆனால் ஒயர் இல்லாத, எடை குறைந்த இயந்திரம் உண்மையில் யாருக்குத் தேவையோ அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். பெங்களூரிலோ புனேயிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ, மாதுங்காவிலோ கரோல் பாகிலோ தனியாக இருக்கும் அம்மாவுக்காகப் பணம் கட்டுகிறார்கள். பெட்டி வந்து சேர்கிறது. முதல் வாரம் உற்சாகமாக ஓடுகிறது. மூன்றாவது வாரம் சுவரோரம் நின்றுவிடுகிறது. கேட்டால், மிஷின் நல்ல மிஷின்தான், கைதான் ஒத்துழைக்கவில்லை என்று பதில் வருகிறது.

பழி கையின் மீது விழுகிறது. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. வாங்குபவர் பெட்டியில் அச்சிட்ட கிலோவைப் படிக்கிறார். பயன்படுத்துபவரோ அந்தக் கிலோ எங்கே தொங்குகிறது என்பதை உணர்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

முதலில் கையைப் பார்க்கலாம். முதுமையில் கையைத் தாக்கும் மூட்டுத் தேய்மானம் அதிகம் குறிவைப்பது கட்டைவிரலின் அடி மூட்டையும் விரல் நுனி மூட்டுகளையும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகச் சாதாரணம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளை இறுக்கும்போது நுனியில் கொடுக்கும் விசை, அடி மூட்டில் பத்து மடங்குக்கும் மேலாகப் போய் அழுத்துகிறது. பாட்டில் மூடியைத் திருகுவதும், இறுகிய ப்ளக்கைப் பிடுங்குவதும் உயிர் போகிற வேலையாக மாறுவது இதனால்தான். முடக்குவாதம் வேறு ரகம். அது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். மணிக்கட்டையும் விரல்களின் அடி மூட்டுகளையும் பிடிக்கும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது.

இத்தகைய கைகளுக்கு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சொல்லும் விதிகள் எளிமையானவை. விரல் செய்வதை உள்ளங்கை செய்யட்டும். உள்ளங்கை செய்வதை முன்கை செய்யட்டும். ஒல்லியானதை இறுக்கிப் பிடிக்காமல் தடித்ததைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். ஒரே பிடியில் நெடுநேரம் இருக்கக்கூடாது. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபர், ஆர்த்ரைடிஸ் வந்த மனைவி தோல் சீவும் கத்தியோடு போராடுவதைப் பார்த்து, தடித்த ரப்பர் பிடி வைத்த சமையலறைச் சாமான்களை 1990-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். ‘ஆக்ஸோ’ என்ற அந்தப் பெயர் நிலைத்தது. வலி இல்லாதவர்களும் விரும்பி வாங்கினார்கள். வலிக்கும் கைக்குப் பொருந்துவது எல்லாக் கைகளுக்கும் பொருந்தும் என்பது வியாபாரத்திலும் நிரூபணமானது.

இந்த விதிகளை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், எடை என்பது முதல் கேள்வியாக இராது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துக்கொள்வது சுலபம். அதையே ஒரு குடையின் முனையில் கட்டி, குடைக் காம்பைப் பிடித்து நீட்டினால் மணிக்கட்டு அரை நிமிடம் தாங்காது. வாக்குவம் கிளீனரிலும் இதே கணக்குதான்.

இன்று அதிகம் விற்கும் குச்சி வடிவ மாதிரிகளில் மோட்டார், பாட்டரி, குப்பைக் கிண்ணம் மூன்றும் கைப்பிடிக்கு அருகிலேயே இருக்கின்றன. பல மாதிரிகளின் எடை இரண்டு முதல் மூன்று கிலோ. தரையில் ஓட்டும்போது எடையில் ஒரு பகுதியைச் சக்கரங்கள் தாங்கும். ஒட்டடை அடிக்க, மின்விசிறி இறக்கையைத் துடைக்க, பரணைத் தொட என்று தூக்கினால் முழு எடையும் மணிக்கட்டில். பெட்டியில் போட்டிருக்கும் எடையில் பாட்டரியும் நீளக் குழாயும் சேர்ந்திருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். சில சமயம் கையில் பிடிக்கும் பகுதியின் எடையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

மோட்டாரும் கிண்ணமும் அடியில், தரைக்கு அருகே இருக்கும் மாதிரிகளும் உண்டு. தராசில் அவை கூடுதல் எடை காட்டலாம். கையில் குறைவாகவே தெரியும். தள்ளுவதோடு சரி, தாங்க வேண்டியதில்லை. பல மாதிரிகள் நட்டநடுவில் விட்டாலும் தானாக நிற்கும். வலி வந்தால் அப்படியே விட்டுவிட்டு உட்காரலாம். குறை என்னவென்றால், கட்டிலுக்கு அடியில் அவை சுலபமாக நுழைவதில்லை, உயரத்துக்கும் உதவாது. ஆனால் ஆர்த்ரைடிஸ் கை உயரத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. ஒட்டடையை மாதம் ஒருமுறை வேறு யாராவது அடிக்கலாம்.

ஒயர் உள்ள பழைய உருளை மாதிரியையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. நாலைந்து கிலோ இருந்தாலும் அது தரையில் உருளும். கையில் இருப்பது குழாய் மட்டும். அதை அலமாரியிலிருந்து இழுப்பதும், ஒயரைச் சுற்றுவதும், அறைக்கு அறை குனிந்து மூன்று முனை ப்ளக்கைப் பிடுங்கிச் செருகுவதும்தான் தண்டனை. ஒயர் இல்லாத இயந்திரத்தின் உண்மையான லாபம் அந்த ப்ளக்கிலிருந்து கிடைக்கும் விடுதலை.

இரண்டாவது கேள்வி ஸ்விட்ச். துப்பாக்கி விசை போல விரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் சில இயந்திரங்கள் ஓடும். பாட்டரி வீணாகாமல் இருக்க நல்ல ஏற்பாடு. வீங்கிய விரலுக்குச் சித்திரவதை. டைசன் நிறுவனத்தின் முந்தைய மாதிரிகள் பலவும் இப்படித்தான் இருந்தன. அதன் வி12 மாதிரியில் ஒருமுறை தட்டினால் ஓடும் பட்டன் வந்தது. வேறு பல நிறுவனங்களின் இயந்திரங்களிலும் இந்த வசதி உண்டு. கேட்காமல் வாங்கக்கூடாத விஷயம் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் மிகையில்லை.

மூன்றாவது, பெருக்கி முடித்த பிறகு வரும் வேலை. கிண்ணத்தைக் கழற்ற எத்தனை விசை தேவை? ஒரே கையால், உள்ளங்கையால் அழுத்தித் திறக்க முடியுமா? வடிகட்டியைத் திருகிக் கழற்ற வேண்டுமா, இழுத்தால் வருமா? கோதுமை மாவும் கோலமாவும் வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும் என்பதால் இந்தியச் சமையலறையில் இந்த வேலை அடிக்கடி வரும். நீளக் கூந்தல் உள்ள வீடுகளில் சுழலும் பிரஷில் முடி சுற்றிக்கொள்ளும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது ஆரோக்கியமான விரல்களுக்கே அலுப்பு. முடி சிக்காத பிரஷ், அல்லது நெம்பாமல் கழன்று வரும் பிரஷ் கொண்ட மாதிரியைத் தேடுவது புத்திசாலித்தனம்.

உறிஞ்சும் சக்தி என்ற எண்ணுக்கு விற்பனையாளர்கள் தரும் மரியாதையை இந்திய வீடுகள் தர வேண்டியதில்லை. அந்தச் சக்தி கம்பளத்துக்கானது. மொசைக், கிரானைட், டைல்ஸ் தரைக்கு மென்மையான உருளையும் மிதமான வேகமும் போதும். சக்தி கூடக்கூட மோட்டாரும் பாட்டரியும் பெருக்கும், கை கனக்கும். ஐம்பது நிமிடம் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில். முழு வேகத்தில் பத்து நிமிடத்தைத் தாண்டுவதே அபூர்வம். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வலிக்கும் கை ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது.

ஒயர் இல்லாத வாக்குவம் கிளீனர் புதிய கண்டுபிடிப்பல்ல. கையடக்கமான டஸ்ட்பஸ்டரை 1979-லேயே பிளாக் அண்ட் டெக்கர் விற்றது. அன்றைய பாட்டரிகளை வைத்து மேஜையில் சிந்தியதை எடுக்கலாம். வீட்டைப் பெருக்க முடியாது. 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பாட்டரி, கையளவு எடையில் அதிக மின்சாரத்தைத் தேக்கும் வழியைத் திறந்தது. ஆனால் அந்தப் பாட்டரிக்கும் ஆயுள் உண்டு. சில வருடங்களில் தளரும். கழற்றி மாற்றக்கூடியதா, மாற்றுப் பாட்டரி என்ன விலை, ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். ஐயாயிரத்தைச் சுற்றித் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டும் பொருள், ஒரு பாட்டரிக்காகக் குப்பைக்குப் போகக்கூடாது. சார்ஜ் ஏற்ற மெல்லிய பின்னைத் தேடிச் செருகும் மாதிரியைவிட, தாங்கியில் வைத்தாலே சார்ஜ் ஏறும் மாதிரி விரலுக்கு நல்லது. தாங்கியையும் இடுப்பு உயரத்தில் எடுக்கும்படி மாட்ட வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கான பதில் எந்தப் படத்திலும் தெரியாது. 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் டை கட்டிய இளைஞர்களை வீடு வீடாக அனுப்பி வாக்குவம் கிளீனர் விற்றதை நடுத்தர வர்க்கம் கிண்டல் செய்தது உண்டு. கதவைத் தட்டிய அந்த இளைஞர் ஒரு நல்ல காரியம் செய்தார். இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, பயன்படுத்தப் போகிறவரின் கையிலேயே கொடுத்தார். இணையத்தில் வாங்கும் வசதி அந்த ஒரு படியைத்தான் விழுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து செய்துகாட்டும் நிறுவனங்களும், தொட்டுப் பார்க்க அனுமதிக்கும் கடைகளும் இன்றும் இருக்கின்றன. கை வலி உள்ளவர் நேரில் போக வேண்டும்; அதுவும் விரல்கள் விறைத்திருக்கும் நேரத்தில் போனால் இன்னும் நல்லது. தாங்கியிலிருந்து எடுப்பது, ஓடவிடுவது, மேஜைக்கு அடியில் தள்ளுவது, கிண்ணத்தைத் திறப்பது, பாட்டரியைக் கழற்றுவது: இந்த ஐந்தையும் யாருடைய உதவியும் இன்றி அவரே செய்து பார்க்க வேண்டும். விற்பனையாளர் செய்துகாட்டினால் அது அவருடைய கைக்கான சோதனை. இணையத்தில்தான் வாங்க வேண்டுமென்றால், பயன்படுத்திப் பார்த்தபின் திருப்பித் தர முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குறைபாடுள்ள பொருளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணை நிற்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கைக்கு ஒத்துவரவில்லை என்பது எந்தச் சட்டத்திலும் குறைபாடல்ல.

இயந்திரம் மருந்தும் அல்ல. மூட்டு சிவந்து, சூடாகி வீங்கியிருக்கும் நாளில் எடை குறைந்த இயந்திரமும் கனம்தான். முடக்குவாதத்தில் சீக்கிரம் தொடங்கும் சிகிச்சை மூட்டுகள் சிதைவதைப் பெருமளவு தடுக்கும். வாக்குவம் கிளீனருக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் குடும்பம், மூட்டு நோய் நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக்கூடாது.

ஐந்து சோதனைகளிலும் தேறும் இயந்திரம் கிடைக்காமலும் போகலாம். வெறுங்கையோடு திரும்புவதில் அவமானம் இல்லை. நின்றபடி பெருக்கும் நீளக் காம்புத் துடைப்பம் சில நூறு ரூபாய். காம்பில் ஸ்பாஞ்சைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி இறுக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஓர் அறை என்று பிரித்துக்கொண்டால், யாருக்கும் காத்திராமல் தன் வீட்டைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். இத்தனை ஆயிரங்களைக் கொட்டி வாங்க நினைத்ததும் அதைத்தானே.