எடோ நகரத்துத் தச்சனின் வரவு செலவு

சங்கக் கூட்டங்களில் விலைவாசியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், “அந்தக் காலத்தில் எல்லாம் கொள்ளை மலிவு” என்று பெருமூச்செறியும் அன்பர் ஒருவர் எங்கும் இருப்பார். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு பண்டம் மலிவா, கிராக்கியா என்பதை அதன் விலையை மட்டும் கொண்டு தீர்மானித்தல் இயலாது. வாங்குகிறவன் கைக்குக் கூலியாக வந்தது எவ்வளவு, அவனுக்கும் பண்டத்தை விளைவித்தவனுக்கும் இடையே நின்றவர்கள் யார் என்பவற்றையும் சேர்த்தே காணவேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக, நமக்கு வெகுதொலைவில் உள்ள பழைய ஜப்பானை எடுத்துக்கொள்கிறோம். தொலைவிலுள்ளோர் கணக்கில் நம் சொந்த வழக்குகளின் சூடு இராது. ஆதலின் அமைதியாகப் படித்தல் கூடும்.

1603 முதல் 1868 வரை ஜப்பானை டொகுகாவா மரபின் ஷோகன்கள் ஆண்டனர். அவர்களுடைய தலைநகரான எடோவே இன்றைய டோக்கியோ. அந்நாட்டில் மூவகை நாணயம் ஒரே காலத்தில் வழங்கிற்று. பொன் நாணயம் ‘ரியோ’. வெள்ளி ‘மொம்மே’ என்னும் எடையால் நிறுத்துக் கொடுக்கப்பட்டது. நடுவில் துளையிட்ட செப்புக் காசு ‘மோன்’. எடோவின் பெருவணிகர் பொன்னில் கணக்கு வைத்தனர். ஒசாகா வணிகர் வெள்ளியில் வைத்தனர். ஏழை மக்கள் எங்கும் செப்புக் காசிலேயே வாழ்ந்தனர். 1700-இல் அரசு குறித்த விகிதப்படி 1 ரியோவுக்கு 60 மொம்மே வெள்ளி, அல்லது 4,000 மோன். ஆனால் நாணய மாற்றுக்காரர் கடையில் விகிதம் நாள்தோறும் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1 ரியோவுக்கு 6,000 மோனுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழையின் காசு, அவன் மடியில் கிடந்தபடியே தேய்ந்துகொண்டிருந்தது.

அக்காலத்தில் தெருக்கடையில் ஒரு கிண்ணம் சோபா, அதாவது ‘பக்வீட்’ என்னும் தானிய மாவைப் பிசைந்து நூல்போல் நறுக்கிய உணவு, 16 மோன். பொதுக் குளிப்பிடத்தில் வெந்நீரில் நீராட ஏறக்குறைய 10 மோன். “இவ்வளவுதானா?” என்று நம் அன்பர் கேட்பார். கணக்கை முழுதும் பார்த்துவிட்டு அவர் கேட்கட்டும்.

1818-இலிருந்து 1830 வரையுள்ள ஆண்டுகளை ஜப்பானியர் புன்செய் காலம் என்பர். அக்காலத்து எழுத்தாளர் ஒருவர், எடோவின் தச்சன் ஒருவனுடைய ஓராண்டு வரவு செலவைக் குறித்து வைத்திருக்கிறார். கணவன், மனைவி, சிறு குழந்தை ஒன்று; ஆக மூவர். சாப்பாட்டுப் படியும் சேர்த்து நாட்கூலி 5.4 மொம்மே; செப்புக் காசில் ஐந்நூறுக்கு மேல். அந்நாட்டுப் பழைய பஞ்சாங்கப்படி ஆண்டுக்கு 354 நாட்கள். புத்தாண்டு, பண்டிகை, மழை, காற்று ஆகியவற்றுக்காக அறுபது நாட்கள் கழிய, வேலை நடந்தவை 294 நாட்கள். வரவு 1,587.6 மொம்மே.

இனிச் செலவு. அரிசி மூன்றரைக் கோக்குவுக்குச் சற்று மேல். விலை 354 மொம்மே. (ஒரு கோக்கு என்பது ஏறத்தாழ 150 கிலோ, ஓராளுக்கு ஓராண்டுக்கான அரிசி என்று கருதப்பட்ட அளவு.) வரிசை வீட்டில் குடியிருக்க வாடகை 120. உப்பு, சோயாச் சாறு, மீசோ என்னும் சோயா விழுது, விளக்கெண்ணெய், கரி, விறகு ஆகியவற்றுக்கு 700. கருவிகளுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் 120. துணிக்கு 120. நன்மை தீமைகளுக்கும் கோயில் காரியங்களுக்கும் 100. மொத்தம் 1,514 மொம்மே. மிச்சம் 73.6.

தச்சன் என்றால் எடோவில் நல்ல கூலி பெற்ற தொழிலாளி. நகரம் அடிக்கடி தீப்பற்றி எரியும். எரிந்ததை மீண்டும் கட்ட அவன் வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு ஓராண்டு முழுதும் உழைத்து மிஞ்சியது பதினான்கு நாட்கூலிக்கும் குறைவு. கையில் உளி பட்டு இரண்டு வாரம் படுத்தால் மிச்சம் போயிற்று. அரிசி விலை ஒரு மடங்கு ஏறினால் ஆண்டுக்கு 280 மொம்மே கடன். இந்தக் கணக்கை எழுதியவரும், இதில் சாராயத்துக்கு இடமில்லை என்ற பொருள்படவே முடித்திருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இக்கணக்கில் நம் கண்ணை நிறுத்தவேண்டிய இடம் அரிசியன்று. அரிசி மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்பும் எண்ணெயும் விறகுமாகச் சில்லறையாய்ப் போனதே ஏறக்குறையப் பாதி! ஆட்சியாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தச் சிக்கலில் உழன்றார்கள். 1716 முதல் 1745 வரை ஆண்ட ஷோகன் யோஷிமுனேயை மக்கள் ‘அரிசி ஷோகன்’ என்றே அழைத்தனர். அவர் காலத்தில் அரிசி விலை வீழ்ந்தது. மற்றப் பண்டங்களின் விலை இறங்கவில்லை. அரிசியையே ஊதியமாகப் பெற்ற சாமுராய் வகுப்பார் அதை விற்றுத்தான் எண்ணெயும் துணியும் வாங்கவேண்டும். ஆகவே அவர்கள் நொடித்தனர். விலைகளைக் குறைக்குமாறு 1724-இல் ஆணை பிறந்தது. 1730-இல் ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது. வருங்கால விலையின்மேல் அங்கே முறையாகவே வாணிபம் நடந்தது. அரிசி விலை சற்று ஏறட்டும் என்பதே அரசின் ஆசை. அதனால் கூலிக்காரன் வயிறு என்னாகும் என்பது இரண்டாம் பட்சம்.

தச்சனுக்கும் கீழே இருந்தவன் காய்கறி சுமந்து விற்றவன். மேற்கூறிய குறிப்பிலேயே அவனுடைய ஒரு நாளும் காணப்படுகிறது. விடியலில் அறுநூறு எழுநூறு மோனை எடுத்துக்கொண்டு போய் முள்ளங்கியும் தாமரைக்கிழங்கும் சேம்பும் வாங்குகிறான். காவுதடியில் கட்டித் தோள் வலிக்கத் தெருத்தெருவாய்க் கூவுகிறான். மாலையில் வீடு திரும்பி, நாளைய முதலை ஒதுக்கி, வாடகைக்காக மூங்கில் குழலில் சில காசு போடுகிறான். மனைவி எழுந்து அரிசிக்கு 200 மோன் கேட்கிறாள். மீசோவுக்கும் சோயாச் சாறுக்கும் 50. குழந்தை தின்பண்டத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ. மிஞ்சுவது நூறு அல்லது இருநூறு. நாளை மழை பெய்தால் அதுவே ஆகாரம்.

முதல் இல்லாதவன் என்ன செய்வான்? காலையில் நூறு மோன் கடன் வாங்கி மாலையில் நூற்றொன்று திருப்பும் வழக்கம் இருந்தது. ‘காக்கைப் பணம்’ என்றும் ஒன்று உண்டு: இன்று வாங்கிய கடனை மறுநாள் காலை காக்கை கரையும் வேளைக்குள் கட்டிவிட வேண்டும். ஒரு மோன் அற்பமே எனினும், நூற்றுக்கு ஒன்று என்பது ஒரு பகலின் வட்டி என்பதை மறத்தலாகாது. சந்தை விலையில் எழுதப்படாத இந்த ஒரு மோனே ஏழைக்குப் பண்டத்தைக் கிராக்கியாக்கியது.

செல்வர்க்கும் இவ்வாறே வேறொரு வகையில் நடந்தது. துணிக்கடைகள் கடனுக்குத் துணி கொடுத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை பணம் வசூலித்தன. வட்டி விலைக்குள்ளேயே மறைந்திருந்தது. மிட்சுயி தகாதோஷி 1673-இல் எடோவில் திறந்த எச்சிகோயா என்னும் கடை, ரொக்கத்துக்கு மட்டும், பேரமின்றி ஒரே விலைக்கு விற்கத் துணிந்தது. வேண்டிய அளவு துணியை வெட்டியும் கொடுத்தது. கூட்டம் அலைமோதிற்று, பிற கடைக்காரர் பகைத்தனர். ரொக்கப் பட்டியலைக் கண்டு முகம் சுளிக்கும் நம் அங்கத்தினர் சிலருக்கு இச்செய்தி பயன்படலாம்.

துணி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. எடோவில் ஆசையோடு உடுத்தப்பட்ட கோடு போட்ட பருத்தித் துணிக்குச் ‘சாந்தோமே’ என்பது பெயர். சோழமண்டலக் கரையின் சாந்தோமிலிருந்து கடல் கடந்து போன துணியால் வந்த பெயர் அது. பின்னர் ஜப்பானிய நெசவாளர் தாமே அவ்வாறு நெய்தனர், பெயரோ மாறவில்லை.

1835-இல் அரசு 100 மோன் மதிப்பிட்டு ஒரு பெரிய செப்புக் காசை வெளியிட்டது. அதன் எடையோ சாதாரணக் காசுகள் ஐந்தாறின் எடையே. சந்தையில் அது 80 மோனுக்குத்தான் செல்லலாயிற்று. 1833-இல் தொடங்கிய தெம்போ பஞ்சத்தோடு இதுவும் சேர, விலைகள் ஏறின. தலைமை அமைச்சர் மிசுனோ ததகுனி, வணிகக் குழுக்களின் ஏகபோகமே காரணம் என்று கருதி 1841-இல் அவற்றைக் கலைத்தார். விலைகளைக் குறைக்க உத்தரவிட்டார். மக்களுடைய சிறு ஆடம்பரங்களையும் தடுத்தார். நாணயம் கெட்டதே விலையேற்றத்துக்குக் காரணம் என்று எடோ நகர அதிகாரி யாபே சதனோரி எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு முடிவதற்குள் பதவியிழந்தார். விலை இறங்கவில்லை. சரக்கு வரும் வழிகளையும் கடன் கொடுக்கல் வாங்கல்களையும் அறிந்திருந்த பழைய கைகள் விலக்கப்பட்டன. அவ்விடத்தில் வேறு கைகள் வைக்கப்படவில்லை. 1851-இல் குழுக்களை அரசே மீண்டும் அனுமதித்தது. இடைத்தரகரை ஆணையால் ஒழிக்கலாம் என்று எண்ணும் நண்பர்கள் இப்பத்து ஆண்டுகளைச் சற்று ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம். தரகன் செய்துவந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும் அல்லவா?

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி, 1823-இல் ஒசாகாவைச் சூழ்ந்த செத்சு, கவாச்சி நாடுகளில் நடந்தது. பருத்தி விளையும் நிலம் அது. கருவாடாக உலர்த்திய மத்தி மீனை விலை கொடுத்து வாங்கி உரமிட்டு உழவர்கள் பருத்தி வளர்த்தனர். ஆனால் உரிமை பெற்ற ஒசாகா மொத்த வணிகருக்கே அதை விற்கவேண்டும் என்ற கட்டு இருந்தது. உரம் விற்பவன் சொன்ன விலை. பருத்தி வாங்குபவன் சொன்ன விலை. இரண்டுக்கும் இடையே நசுங்கிய 1,007 கிராமங்கள் ஒன்றுகூடி, பிரதிநிதிகளைத் தேர்ந்து, எழுத்தில் அதிகாரம் கொடுத்து, வழக்குச் செலவைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, முறைமன்றம் ஏறின. கடைகள் உடைபடவில்லை, வைக்கோற்போர் எரியவில்லை. தாம் விரும்பியவருக்குப் பருத்தி விற்கும் உரிமையைப் பெற்றே திரும்பினர். ஆயிரத்தேழு கிராமங்களை ஒரே மனுவில் சேர்க்க எத்தனை கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், எத்தனை பழைய பகைகளை மறந்திருக்க வேண்டும்! இருபத்தைந்து உறுப்பினர் கூட்டத்துக்கே கோரம் சேராமல் தவிக்கும் நமக்கு அது வியப்பாகவே இருக்கிறது.

நெசவாளர்க்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டாருக்குத் திறக்கப்பட்டதும் கச்சாப்பட்டு கப்பலேறியது. பட்டுப்புழு வளர்த்தவர் மகிழ்ந்தனர். கியோட்டோவின் நிஷிஜின் தறிகளும் கிரியூ ஊர்த் தறிகளும் நூலின்றி நின்றன. கிரியூ வட்டத்தார் ஏற்றுமதியைத் தடுக்குமாறு முறையிட்டனர். பட்டு, எண்ணெய், தானியம் முதலிய ஐந்து பண்டங்கள் எடோ வழியாகவே செல்லவேண்டும் என்று 1860-இல் அரசு விதித்தது. விதி ஏட்டளவில் நின்றது. விளைவிப்போனுக்கு நல்ல விலை, நெய்வோனுக்குப் பட்டினி. இருவரும் ஒரே சங்கத்தில் இருக்கும் நம் இதழில் இதை மறைக்க விரும்பவில்லை. 1866-இல் அரிசி விலையும் தாங்காது ஏறவே, ஒசாகாவிலும் எடோவிலும் மக்கள் கடைகளை உடைத்தனர்.

அவ்வாறு உடைத்தது முதன்முறையன்று. 1787-இல் தெம்மெய் பஞ்சத்தின்போது, அரிசியைப் பதுக்கிய எடோ வணிகர் கடைகள் நூற்றுக்கணக்கில் நொறுங்கின. வந்தவர்கள் திருடவில்லை, அரிசியைத் தெருவில் கொட்டிப் போயினர் என்று அன்று கண்டவர்கள் எழுதியுள்ளனர். அதன்பின் அமைச்சரான மத்சுதைரா சதனோபு, 1791-இல் ஓர் ஏற்பாடு செய்தார். நகர வட்டங்களின் பொதுச்செலவைச் சுருக்கி, மிச்சத்தில் நூற்றுக்கு எழுபதை ஆண்டுதோறும் சேமநிதியாக்கி, நெல் அரிசி சேமிக்கவும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கவும் செய்தார். 1830-களின் பஞ்சத்தில் எடோ ஏழைகளுக்கு அக்களஞ்சியம் திறந்தது. அங்கே பெருங்கலகம் எழவில்லை. அத்தகைய ஏற்பாடு வாய்க்காத ஒசாகாவில், ஓய்வுபெற்ற அதிகாரியும் புலவருமான ஒஷியோ ஹெய்ஹாச்சிரோ தம் நூல்களை விற்று ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, 1837-இல் வாளேந்தினார். நகரில் ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது. எடோ நிதியை நாம் மெச்சுகிறோம். ஆயினும் அதை அளித்தோர் மனைக்காரர், ஆண்டோர் அதிகாரிகள். வாடகைக்குக் குடியிருந்த நம் தச்சனுக்கு அதில் கஞ்சி இருந்தது, சொல் இல்லை.

சொல்லும் இருக்கவேண்டும் என்று முயன்றவர் ஒருவர் உண்டு. ஒஹாரா யூகாகு என்னும் நாடோடி ஆசிரியர், ஷிமோசா நாட்டு நகாபே கிராமத்தில் 1838-இல் ஒரு சங்கம் கண்டார். ஒவ்வொரு குடும்பமும் 5 ரியோ மதிப்புள்ள நிலத்தைப் பங்காக ஒப்படைக்க வேண்டும். அதன் விளைவைப் பொதுவில் சேர்த்து, குடும்பம் நொடித்தால் அதைத் தூக்கி நிறுத்தப் பயன்படுத்த வேண்டும். அன்றாடச் சாமான்களையும் கூட்டாகவே வாங்கினர். இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர் தம் கடையைத் திறந்த 1844-க்கு ஆறாண்டு முந்தியது இது. நொடித்துக் கிடந்த கிராமம் தலைநிமிர்ந்தது. வெளியூரார் திரண்டு வந்தனர். அத்திரளே அரசுக்கு ஐயத்தை விளைத்தது. ஆண்டுக்கணக்கில் விசாரணை, விசாரணைக்காக எடோவில் தங்கிய செலவே பெரும் பாரம். முடிவில் சங்கத்தைக் கலைக்கவும், அவர்கள் கூடிப் படித்த மண்டபத்தை இடிக்கவும் தீர்ப்பாயிற்று. ஒஹாரா 1858-இல் கிராமத்துக்குத் திரும்பி, அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வாழ்ந்த வீட்டை அவ்வூரார் இன்றும் காத்து வருகின்றனர்.