நேர்முகத் தேர்வும் நம் ஆயத்தமும்



பெரம்பலூர், அரியலூர் பகுதிச் சபைகளின் ஜெபக் குறிப்புகளில் அடிக்கடி இடம்பெறும் விண்ணப்பம் ஒன்று உண்டு: பொறியியல் முடித்த பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும். மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்த பணத்திலும் கல்விக் கடனிலும் படிக்க வைத்த பெற்றோரின் கண்ணீர் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே ஊக்கமாய் ஜெபிப்போம். ஆனால் ஜெபம் ஆயத்தத்திற்கு மாற்று என்று பிள்ளைகள் எண்ணும்படி நாம் பேசலாகாது. தானியேலும் அவனுடைய தோழரும் மூன்று ஆண்டுகள் அந்நிய நாட்டின் கல்வியைக் கற்ற பின்னரே அரசன் முன் நின்றார்கள். அரசனும் அவர்களோடு பேசிப் பார்த்த பின்னரே அவர்களைத் தெரிந்தெடுத்தான்.

முதலாவது, தொழில்நுட்பக் கேள்விகள். அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த மாணவனிடம், சுழல் சூளை ஏன் சற்றுச் சாய்வாக அமைக்கப்படுகிறது என்று கேட்டால் அவன் திகைக்கக் கூடாது. சூளை சுழலச் சுழல, மூலப்பொருள் மெல்லச் சரிந்து சுடருள்ள முனையை நோக்கி நகர்கிறது. அங்கே ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸில் கிளிங்கராகிறது. பொருள் அறியாமல் ஒப்புவிக்கும் மனப்பாட வசனம் போலச் சூத்திரத்தை ஒப்புவிப்பவன், "ஏன்?" என்ற அடுத்த கேள்வியிலேயே வாயடைத்துப் போவான். விலைக்கு வாங்கிய புராஜெக்டும் அப்படியே கைவிடும். அதைத் தன்னுடையது என்று சொல்வது பொய்ச்சாட்சியுமாகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்த அடிப்படையிலிருந்து சிந்தித்துக் காட்டுவதே நேர்மை.

இரண்டாவது, நடத்தை சார்ந்த கேள்விகள். குழுவில் பிணக்கு எழுந்தபோது என்ன செய்தீர்கள், தோல்வியில் எதைக் கற்றீர்கள் என்று கேட்பார்கள். இது நமக்குப் புதிதன்று; சாட்சி சொல்லும் முறைதான். நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைந்தது என்ன என்று நான்கு படிகளில் இரண்டு நிமிடத்திற்குள் சொல்லப் பழகுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்திய அனுபவமும் நல்ல உதாரணமே. ஆனால் "நாங்கள் செய்தோம்" என்பதோடு நில்லாமல், உங்கள் பங்கைத் தெளிவாகக் கூறுங்கள்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டம் மாணவருக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சபைக்கும் கடமை உண்டு. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும், பணியாற்றி ஓய்வு பெற்ற மூப்பர்கள், ஆராதனைக்குப் பின் ஒரு மணி நேரம் அமர்ந்து நம் மகன்களிடமும் மகள்களிடமும் கேள்வி கேட்கலாகாதா? தமிழில் தெளிவாக விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் பழகப் பழக எளிதாகும்.

மற்றொன்றும் சொல்ல விரும்புகிறேன். வேலை கிடைத்தவனை மட்டும் மேடையேற்றி, அதை ஜெபத்தின் பலன் என்றே சொன்னால், பின்வரிசையில் அமர்ந்திருப்பவன் தன்னைத் தேவன் கைவிட்டார் என்று எண்ணுவான். தெரிவு செய்யப்படாமை தேவனுடைய தீர்ப்பன்று. அவனுக்கு அருகில் அமருங்கள். எந்தக் கேள்வியில் தடுமாறினான் என்று கேட்டு, அடுத்த தேர்வுக்கு அவனோடு சேர்ந்து ஆயத்தப்படுங்கள்.

கர்த்தர் நம் பிள்ளைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.