பழுதாகும் முன் படிப்போம்

காலை மணி ஆறரை. புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம். தந்தை காரை முடுக்குகிறார். மின்கலம் செயலிழந்துவிட்டதால் கார் கிளம்பவில்லை. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய பாட்டி பின்னிருக்கையில் காத்திருக்கிறார். “காப்புறுதிதான் இருக்கிறதே, கவலை எதற்கு?” என்கிறார் தாய். ஆனால், அந்தக் காப்புறுதி இப்போது கைகொடுக்குமா என்பது இருவருக்குமே தெரியாது. இத்தகைய நிலை எந்தக் குடும்பத்திற்கும் நேரலாம்.

சிங்கப்பூரில் காப்புறுதியின்றி வாகனம் ஓட்டுவது குற்றம். ஆயினும், 1960ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்குவது, விபத்தில் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்புக்கும் காயத்திற்குமான காப்புறுதியை மட்டுமே. சாலையோர உதவி அதில் அடங்காது. சில காப்புறுதித் திட்டங்களில் அது சேர்ந்தே இருக்கும்; சிலவற்றில் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும்.

உதவி இருந்தாலும் அதற்கு வரம்புகள் உண்டு. மின்கலத்தை மீண்டும் இயங்கச் செய்தல், சக்கரம் மாற்றுதல், பட்டறைக்கு இழுத்துச் செல்லுதல் ஆகியவை பொதுவாக அதில் அடங்கும். ஆனால், புதிய மின்கலத்தின் விலையை உரிமையாளரே கொடுக்க வேண்டியிருக்கலாம். ஆண்டுக்கு எத்தனை முறை அழைக்கலாம், ஜொகூரில் கார் நின்றுவிட்டால் உதவி கிடைக்குமா என்பனவும் திட்டத்திற்குத் திட்டம் வேறுபடும்.

“விரைவுச்சாலையில் பழுதாகும் காரை நிலப் போக்குவரத்து ஆணையம் இலவசமாக இழுத்துச் செல்கிறதே, அது போதாதா?” எனச் சிலர் கேட்கலாம். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் நின்றுபோகும் காரை அச்சேவை அருகிலுள்ள, அதற்கென ஒதுக்கப்பட்ட கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிடும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுசெல்வது உரிமையாளரின் பொறுப்பு. வீட்டருகே நின்றுபோன காருக்கோ அச்சேவை வராது.

அதற்காக எல்லாரும் கூடுதல் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதில்லை. புதிய காருக்கு விற்பனை நிறுவனமே இவ்வுதவியை வழங்கக்கூடும். ஒரே உதவிக்கு இருமுறை பணம் செலுத்துவது வீண். எனவே, வாங்குவதைவிட, வாங்கியதை அறிந்துவைத்திருப்பதே முக்கியம்.

இதில் இளையருக்கும் பங்குண்டு. ஆங்கிலத்தில் அமைந்த காப்புறுதி ஒப்பந்தத்தைப் பெரியவர்களுடன் அமர்ந்து வாசித்து, தமிழில் விளக்கலாம். உதவிக்கு அழைக்கவேண்டிய எண்ணைக் குடும்பத்தினர் அனைவரின் கைப்பேசியிலும் பதிவு செய்யலாம். வெள்ளம் வருமுன் அணை போட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம், பாட்டி மருத்துவரை உரிய வேளையில் சந்திக்க உதவும்.