பழையதும் புதியதும் ஒரே படகில்



தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது லுமுட்டில் வேலை செய்கிறான். சிறிய டீசல் படகு ஒன்றும் வைத்திருக்கிறான். சென்ற மாதம் அப்பாவை ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கப் போனவன், கருகிய வாடை வரவே பாதியில் திரும்பிவிட்டான். ஆல்டர்னேட்டர் எரிந்துபோயிருந்தது.

"புது லித்தியம் பாட்டரியைப் பழைய ஈய பாட்டரியோடு சேர்த்துக் கட்டினேன், சார். இரண்டும் 12 வோல்ட்தானே?" என்று கேட்டான்.

பெயரளவில் இரண்டும் 12தான். குணம் வேறு.

ஈய பாட்டரியை 1859-இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளாந்தே உருவாக்கினார். நிறைந்து ஓய்வில் இருக்கையில் சுமார் 12.7 வோல்ட் காட்டும். நிறைய நிறைய, வாங்கும் மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படகுகளில் போடும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 1997-இல் ஜான் குட்இனஃப் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியில் பிறந்தது. நிறைந்திருக்கையில் 13.3 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். பசித்த பிள்ளைபோல, கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். சின்ன ஆல்டர்னேட்டர் ஓய்வில்லாமல் முழுப் பலத்தோடு உழைத்தால் என்ன ஆகும்? சூடேறிக் கருகிவிடும்.

அப்படியானால் பழையதைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. லித்தியம் பாட்டரிக்குள் ஒரு காவல் கருவி உண்டு. அளவு மீறினால் அது இணைப்பைச் சட்டென்று துண்டித்துவிடும். அந்த நேரம் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் போக்கிடமின்றி எகிறி, டையோடுகளைச் சுட்டுவிடும். ஈய பாட்டரி கூட இருந்தால் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். இஞ்சினைக் கிளப்புவது ஈய பாட்டரியின் பொறுப்பு. ஆல்டர்னேட்டரை அதனோடு மட்டும் இணையுங்கள். விளக்கு, மீன் காட்டும் கருவி, குளிர்பெட்டி எல்லாம் லித்தியத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜரை வையுங்கள். அது 30 ஆம்பியர் சார்ஜர் என்றால், அதற்கு மேல் லித்தியத்துக்கு விடாது. ஆல்டர்னேட்டரின் அளவில் ஏறக்குறைய பாதியைத் தாண்டாத சார்ஜராக வாங்குங்கள். ஒவ்வொரு பாட்டரிக்கு அருகிலும் பியூஸ் கட்டாயம் வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரவெல்லாம் விளக்கு எரிந்து லித்தியம் தீர்ந்தாலும், ஈய பாட்டரியின் பங்கு குறையாது. காலையில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் கிளம்பும், கரை சேரலாம்.

மாணவன் இப்போது அப்படியே மாற்றிவிட்டான். அவன் அப்பாவும் மறுபடி படகில் ஏறிவிட்டாராம். அனுபவசாலியும் இளையவரும் ஒரே வீட்டில் இருக்கலாம், வாசகர்களே. அவரவர் வேலை அவரவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.