பெரியின் இடத்தில் பினேடா

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஜர்னி 2008 ஜூன் 3 அன்று வெளியிட்ட ஆல்பம் ‘ரெவலேஷன்’. மணிலாவைச் சேர்ந்த ஆர்னெல் பினேடா முன்னணிப் பாடகராக அக்குழுவுடன் பதிவுசெய்த முதல் ஆல்பம் இது. அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் மட்டுமே விற்கப்பட்டும், பில்போர்டு ஆல்பம் பட்டியலில் வந்த வேகத்தில் 5ஆம் இடத்தைப் பிடித்தது.

சாண்டானா குழுவிலிருந்து விலகிய கிதார் கலைஞர் நீல் ஷோனும் கீபோர்டு வாசித்த கிரெக் ரோலியும் சேர, 1973இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜர்னி உருவானது. முதல் மூன்று ஆல்பங்களில் வாத்திய வாசிப்புக்கே முதலிடம். பாட்டு ரோலியின் பொறுப்பில் இருந்தது. விற்பனை சொல்லும்படி இல்லை. 1977இல் ஸ்டீவ் பெரி வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது. சாம் குக்கைக் கேட்டு வளர்ந்த பெரி, உச்சஸ்தாயியில் நின்றபடியே குரலைக் குழைத்து வளைக்கக்கூடியவர். ‘எஸ்கேப்’ (1981) பில்போர்டில் முதலிடம் பெற்றது. அதன் பிறகு ஜர்னி என்றாலே பெரியின் குரல்தான் என்றாகிவிட்டது. அவரும் நடுவில் வந்து சேர்ந்தவர்தான் என்பதை ரசிகர்கள் வசதியாக மறந்துபோனார்கள்.

1987இல் விலகிய பெரி, 1996இல் ‘ட்ரயல் பை ஃபயர்’ ஆல்பத்துக்காகத் திரும்பி வந்தார். இடுப்பெலும்புக் கோளாறுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது, அவர் தயங்கினார், குழு காத்திருக்கவில்லை. 1998இல் ஸ்டீவ் ஆஜெரி அந்த இடத்துக்கு வந்து இரண்டு ஆல்பங்கள் பாடினார். 2006இல் தொண்டைப் பிரச்சினை அவரை வெளியேற்றியது. அடுத்து வந்த ஜெஃப் ஸ்காட் சோட்டோ ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

2007இல் ஷோன் யூடியூபில் பாடகர் தேடியபோது கண்ணில் பட்டவர் பினேடா. 13 வயதில் தாயை இழந்து, மணிலா தெருக்களில் படுத்து, பழைய பேப்பரும் பாட்டிலும் பொறுக்கி விற்று வாழ்ந்தவர் அவர். பிறகு மணிலாவிலும் ஹாங்காங்கிலும் பிறருடைய பாட்டுகளை மேடையில் பாடிப் பிழைத்தார். ஷோனின் மின்னஞ்சலை யாரோ செய்த கேலி என்றே முதலில் எண்ணினார். அந்த ஆண்டு டிசம்பரில் அவரது நியமனம் அறிவிக்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் சிலி நாட்டின் வின்யா டெல் மார் விழாவில் முதல் மேடை.

‘ரெவலேஷன்’ இரண்டு குறுந்தகடுகளும் ஒரு நிகழ்ச்சி டிவிடியும் கொண்ட தொகுப்பு. முதல் தகட்டில் 11 புதிய பதிவுகள், இரண்டாவதில் பெரி காலத்து வெற்றிப் பாடல்கள் 11, பினேடாவின் குரலில். புதியவரின் சொந்தக் குரலையும் பழைய குரலின் சாயலையும் ஒரே விலைக்கு விற்ற ஏற்பாடு இது. பழைய பாட்டுகளை மீண்டும் பதிவுசெய்ததில் கணக்கும் இருந்தது. பெரி காலத்து மூலப்பதிவுகள் கொலம்பியா நிறுவனத்தின் வசம் இருந்தன. புதிய பதிவுகளோ குழுவின் சொந்த நிறுவனத்துக்கு உரியவை. 2007 ஜூனில் ‘சோப்ரானோஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இறுதிக் காட்சியில் ‘டோன்ட் ஸ்டாப் பிலீவின்’ ஒலித்ததில், அந்த 1981ஆம் ஆண்டுப் பாட்டை ஒரு புதிய தலைமுறையும் தேடத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் தகடு கேட்பதற்கு வியப்பானது. ஆனால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஸ்வரம் பிசகாமல், மூச்சு வாங்கும் இடம் மாறாமல் பினேடா பெரியைத் தொடர்கிறார். அசலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நகல் எதற்கு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பினேடாவை அறிய முதல் தகடே சரியான இடம். ‘நெவர் வாக் அவே’ பாட்டில் அவருடைய சாரீரம் பெரியுடையதைவிடச் சற்றுக் கடினமானது, கூர்மையானது என்பது தெளிவாகத் தெரிகிறது. ‘ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்’ என்ற மெல்லிசைப் பாட்டு வானொலிகளிலும் நன்றாக எடுபட்டது. ‘ஃபெயித் இன் தி ஹார்ட்லேண்ட்’ மட்டும் உறுத்துகிறது. அது 2005இல் ஆஜெரி பாடிய பாட்டு. இடைக்காலப் பாடகரின் தடத்தையும் குழு இப்படி அழித்துவிட்டது.

அடுத்த ஆல்பமான ‘எக்லிப்ஸ்’ (2011) பழைய பாட்டுகளின் துணையின்றி, கிதாரை முன்னிறுத்தி வந்தது. ‘ரெவலேஷன்’ பெற்ற வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. மேடைகளில் கூட்டம் கேட்டது எண்பதுகளின் பாட்டுகளைத்தான். 2017இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ஜர்னியைச் சேர்த்துக்கொண்டபோது, அந்தப் பட்டியலில் பெரியும் ரோலியும் இருந்தார்கள், பினேடா இல்லை. விழாவுக்கு வந்த பெரி, மேடையிலேயே பினேடாவைப் பாராட்டினார், பாடவில்லை. அன்று பாட்டுகளைப் பாடியது பினேடாதான்.